மறக்காத பெட்டி

அந்த வீட்டில் வெகுநாளாகக் கரண்ட் போனதே கிடையாது. தெருவே இருட்டில் கிடந்து, ஆளாளுக்கு போனை விளக்காகப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்கும்போதும் அங்கே மட்டும் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும். எல்லாம் வீட்டின் இளைய பிள்ளை செய்த வேலை. எலக்ட்ரீஷியன். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடத்தோடு போயிற்று. இப்போது எல்லாருக்கும் அவன் கரண்ட்தான். வேலைக்குப் போகிற இடங்களில் கழித்துப் போட்ட பேட்டரியைப் பார்த்தால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. வீட்டுக்குத் தூக்கி வந்து, உயிர் கொடுத்து, பீரோவுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே என்று எங்கெங்கோ சொருகி வைத்திருந்தான். எது எதில் ஓடுகிறது என்று கேட்டால், “ஓடுதுல்ல, அப்புறம் என்ன?” என்பான்.

அவனுடைய அண்ணன் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை. பொழுது சாயும்போது கிளம்பிப்போய் ரொட்டி வாசனையோடு விடிந்தபின் திரும்புகிறவர். ஊர் விழித்திருக்கும்போது அவர் தூங்க வேண்டும். வீட்டில் வெயில் ஏறாத அறை முன்னறை ஒன்றுதான் என்பதால் பகல் முழுக்க அந்த அறை அவருக்கு எழுதி வைத்தது. பகலில் அங்கே யாரும் சத்தமாகத் தும்மக்கூட மாட்டார்கள்.

சங்கடம் என்னவென்றால் இன்டர்நெட் வருகிற கேபிள் இணைப்பும் அந்த அறைக்குள்தான் வந்தது. தெருக் கம்பத்திலிருந்து கறுப்பு வயர் ஜன்னல் வழியாக நுழைந்து, அவர் தலைமாட்டு அலமாரியில் இருந்த ஒரு பெட்டியில் முடிந்தது. கேபிள்காரர்கள் கொடுத்த மோடம். அங்கிருந்து ஒரு குட்டி வயர் பக்கத்திலிருந்த பழைய கம்ப்யூட்டருக்குப் போனது. வந்த புதிதில் அதன் பச்சை விளக்குகள் ஓயாமல் கண்ணடித்ததில் மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. “கண்ணை மூடினாலும் உள்ள வந்து நிக்குது” என்றார். அவ்வளவுதான், அவர் பெண்டாட்டி அளவெடுத்து, தடித்த ஜீன்ஸ் துணியில் அதற்கு ஓர் உறை தைத்து மாட்டிவிட்டாள். ஓரத்தில் இரட்டைத் தையல், பின்னால் வயர் போக ஒரு பிளவு. அப்படி ஒரு பொருத்தமான சட்டை அந்தத் தெருவில் பல ஆம்பளைகளுக்கே இல்லை.

டெய்லரக்கா என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். ஒரு துணி ஆலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவள். ஆலை வேறு ஊருக்குப் போனபோது கத்திரியும் அளவு நாடாவுமாக வீட்டுக்கு வந்தாள். கடைசி அறையில் ஒரு பெரிய கட்டிங் மேஜை போட்டுக்கொண்டாள். தச்சர் அதை அறைக்குள்ளேயே வைத்து அறைந்தார். வாசலைவிட மேஜை அகலம். இனி அது வெளியே வர வேண்டுமானால் வீட்டை இடிக்க வேண்டும் என்று மாமனார் அன்றைக்கே சொன்னார்.

இப்போது எங்கோ தொலைவிலுள்ள ஒரு பயிற்சி நிலையம் அவளைக் கேட்டிருந்தது. நேரலையில் சட்டை வெட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை ஒரு வெள்ளோட்ட வகுப்பு. நிலையத்து மேடமும் கூட உட்கார்ந்து பார்ப்பார். பிடித்தால் வருஷம் முழுக்க அவளுக்குத்தான் அந்த வகுப்பு. ஆலை மூடியதிலிருந்து பக்கத்து வீட்டுக்காரிகளின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

போனை வைத்து ஒரு முறை ஒத்திகை பார்த்தாள். தகரக் கூரை போட்ட அந்தக் கடைசி அறையில் போன் சிக்னல் முக்கி முனகிக்கொண்டுதான் வரும். மறுமுனையில் பார்த்த சிநேகிதி சொன்னாள்: “கத்திரியைத் தூக்கிப் பிடிச்ச மேனிக்கு அப்படியே நிக்கிற. பாக்கவே பயமா இருக்கு.”

முன்னறையிலிருந்து வயர் இழுக்கலாம் என்றால், குடியிருப்பது வாடகைக்கு, ஆணி ஒன்று அடித்தாலும் வீட்டுச் சொந்தக்காரர் படியேறி வந்து பஞ்சாயத்து வைப்பார். தரையோடு போட்டதில் போன வருஷம் மாமனார் கால் தடுக்கி விழுந்து, இன்றைக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். மனுஷன் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். மலைப்பாதையெல்லாம் பார்த்தவரை ஒரு மெல்லிய வயர் கவிழ்த்துவிட்டது என்பதில் அவருக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

ஆக, வயர் இல்லாமலே நெட்டை வீடு முழுக்கப் பரப்புகிற ரௌட்டர் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று முடிவாயிற்று. வயர் என்ற பேச்சு வந்தால் அந்த வீட்டில் கரண்டைத் தவிர வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவன் அன்று சாயங்காலமே ஒன்றை வாங்கி வந்தான். நாலு ஆன்டெனா, ஒவ்வொன்றும் ஒரு முழம்.

“பாத்தீங்களா அண்ணி. கடையிலேயே பெருசு இதுதான்.”

“பெருசா இருந்தா போதுமா தம்பி? நம்ம பெட்டிக்குச் சேருமா?”

“ரௌட்டர்னா ரௌட்டர்தான். இதுல என்ன சேர்றது சேராதது?”

சேரவில்லை. நெட் உள்ளே வர வேண்டிய இடத்தில் அதற்கு ஒரு சின்ன வாய்தான் இருந்தது. பழைய டெலிபோன் லைனில் சொருகுகிற வாய். மோடத்திலிருந்து வந்த வயரின் தலை அதைவிட அகலம். கரண்ட் திருப்பிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், மற்ற ஓட்டைகளில் மாற்றி மாற்றிச் சொருகினான். நாலு கொம்பும் விறைத்து நின்றதே தவிர நெட் வரவில்லை.

“டெலிபோன் லைன் வழியா நெட் வர்ற வீட்டுக்கு உண்டானது போல” என்றான் கடைசியில், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

“லாரிக்கு சைக்கிள் டயர் வாங்கிட்டு வந்திருக்கான்” என்றார் மாமனார்.

“நீங்க சும்மா இருங்க மாமா” என்றாள் டெய்லரக்கா. ஆனால் மனசுக்குள் அவளுக்கும் அதேதான் ஓடியது.

மறுநாள் அவளே கடைக்குக் கிளம்பினாள். துணிக்குப் பொருத்தமாக நூலோ பொத்தானோ வாங்கப் போகிறவள் வெறுங்கையோடு போவதில்லை. ஒரு துண்டு துணியை வெட்டி எடுத்துக்கொண்டுதான் போவாள். இப்போதும் அந்தப் பழக்கம் விடவில்லை. புருஷன் எழுவதற்குள் பூனைமாதிரி முன்னறைக்குள் போய், மோடத்தின் முதுகைப் போனில் படம் எடுத்தாள். அந்தக் குட்டி வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அளவு நாடாவால் முன்னறையிலிருந்து மேஜைவரை அளந்தாள். நடுவில் எத்தனை சுவர், எது செங்கல், எது வெறும் பலகை என்று குறித்துக்கொண்டாள்.

“நான் வரட்டுமா?” என்று கரண்ட் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் செருப்பு மாட்டும்வரை கையில் ஸ்க்ரூ டிரைவரை உருட்டிக்கொண்டே நின்றான். “இந்த வீட்டு வயருக்கு நான் தேவையில்லாத ஆளாயிட்டேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனாள்.

கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். சூயிங்கம் மென்றபடி, “சொல்லுங்க” என்றாள்.

“ரௌட்டர் வேணும்.”

“இதைப் பாருங்க, புது மாடல். ஆறு ஆன்டெனா.”

“ஆன்டெனா கிடக்கட்டும்மா. எங்க வீட்டுக்கு எப்படி நெட் வருதுன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

அந்தப் பெண் மெல்லுவதை நிறுத்தினாள். “எப்படி வருது?”

“டிவி கேபிள் மாதிரி உருண்டையா ஒரு வயர் வருது. கேபிள்காரங்க கொடுத்த மோடத்துல திருகி மாட்டியிருக்கு. இதோ படம். மோடத்துலேருந்து இந்த வயர் வெளிய வருது.” பையிலிருந்து வயரை எடுத்து கவுன்ட்டரில் வைத்தாள். “இதோட தலை எதுல பொருந்துதோ அதைக் கொடுங்க. வீட்டுக்குப் போய் சேரலன்னு சொல்ற வேலையே வேணாம்.”

“யாரும் வயரைக் கழட்டிக்கிட்டு வந்ததில்ல ஆன்ட்டி.”

“உடம்பு இல்லாம சட்டைக்கு அளவெடுக்க முடியுமா?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் விற்கவில்லை, பேசினாள். “உங்ககிட்ட மோடம் தனியா இருக்கு. அதனால மோடமும் ரௌட்டரும் ஒண்ணா இருக்கற ஐட்டம் வேணாம். வெறும் ரௌட்டர் போதும். பின்னாடி பாருங்க. இந்த நாலும் மஞ்சள், இது ஒண்ணு மட்டும் நீலம். நெட் உள்ள வர்ற வழி நீலம். உங்க வயரை அதுல போடுங்க.”

டெய்லரக்கா போட்டாள். டிக் என்று ஒரு சத்தம். நல்ல கொக்கி துணியில் விழுகிற சத்தம். அவளுக்கு அதுவே பாதி திருப்தி.

“சரி, சுவர் தாண்டுமா? நடுவுல செங்கல் சுவர் ரெண்டு, பலகைத் தடுப்பு ஒண்ணு. தூரம் இவ்வளவு” என்று துண்டுத்தாளைக் காட்டினாள்.

“இதுல ரெண்டு அலைவரிசை வரும். ஒண்ணு வேகமா ஓடும், ஆனா சுவரைக் கண்டா சோர்ந்துபோயிடும். இன்னொண்ணு வேகம் கம்மி, சுவரைப் பத்திக் கவலைப்படாது. நீங்க கடைசி ரூம்ல ரெண்டாவதைப் பிடிச்சுக்குங்க. உங்க கனெக்ஷனுக்கு அது தாராளம்.”

“அப்ப அந்த ஆறு கொம்பு எதுக்கு?”

“பெரிய பங்களாவுக்கு. நாலு பேர் ஒரே நேரத்துல படம் பாக்கற வீட்டுக்கு. உங்களுக்கு வேணாம்.”

“முதல்ல அதைத்தான எடுத்து வச்சீங்க?”

“நீங்க முதல்ல வயரை எடுத்து வைக்கலையே ஆன்ட்டி.”

இருவரும் சிரித்தார்கள். ரெண்டு கொம்பு வைத்த அடக்கமான ஒன்றை வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது கடைப் பெண்ணின் சட்டைத் தோள் இறங்கியிருப்பதைக் காட்டி, “கொண்டு வா, பிடிச்சுத் தரேன்” என்று சொல்லிவிட்டு டெய்லரக்கா வீடு வந்தாள். வாங்கியது சரியானது என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புருஷன் வேலைக்குக் கிளம்பியதும் முன்னறையில் கூடினார்கள். கடைக்குப் போய் வந்த வயரின் ஒரு தலையை மோடத்திலும் மறு தலையை ரௌட்டரின் நீல வாயிலும் போட்டாள். ரௌட்டர் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சை பிடித்தன. கடைசி ஒன்று மட்டும் சிவப்பிலேயே நின்றது. கடைசி அறையில் போன் ரௌட்டரைக் கண்டுபிடித்தது, முழு சிக்னலும் காட்டியது. ஆனால் நெட் இல்லை. வாசல் வரை வந்த விருந்தாளி உள்ளே வராமல் நிற்பதுபோல இருந்தது.

கரண்ட் கதவில் சாய்ந்து நின்றான். சிவப்பு விளக்கையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான்.

கேபிள் ஆபீசுக்கு போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

“இதுக்கு முன்னாடி மோடத்துல நேரா கம்ப்யூட்டரை மாட்டியிருந்தீங்களா?”

“ஆமா. ஆரம்பத்துலேருந்தே.”

“அதான். அது முதல்ல எதைப் பாத்துச்சோ அதை ஞாபகம் வச்சுக்கும். புதுசா எதை மாட்டினாலும் யாரு நீன்னு கேக்கும். மோடத்தை அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் விடுங்க. மறந்துடும். அப்புறம் ஆன் பண்ணா ரௌட்டரை ஏத்துக்கும்.”

“நம்ம வீட்டுப் பெட்டி தானே” என்றார் மாமனார். “பிடிவாதம் இல்லாம எப்படி இருக்கும்?”

அந்த வீட்டில் கரண்ட் போட்டு வைத்த ஒரு சட்டம் உண்டு. யாரும் எதன் கரண்ட் வயரையும் பிடுங்கக் கூடாது, ஜாயின்ட் தளர்ந்துவிடும். அணைப்பதென்றால் சுவிட்சைத்தான் தொட வேண்டும். டெய்லரக்கா அலமாரிக்கு மேலிருந்த சுவிட்சை அணைத்தாள். காத்திருந்தார்கள். போட்டாள். சிவப்பு. மறுபடி அணைத்தாள். இந்தத் தடவை அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வந்து போட்டாள். சிவப்பு. ஆபீசில் மறுபடி கேட்டபோது, “அணைச்சும் வரலன்னா மோடத்துலயே கோளாறு இருக்கும். திங்கக்கிழமை ஆள் அனுப்பறோம்” என்றார்கள்.

வகுப்போ நாளைக் காலை.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா” என்றான் கரண்ட். “பழைய மாதிரி கம்ப்யூட்டர்லயே மாட்டிடுங்க. இந்த ரூம்ல ஒரு ஸ்டூலைப் போட்டு நடத்துங்க.”

“ஸ்டூல்ல சட்டை வெட்டறதா? உங்க அண்ணன் எங்க படுப்பாரு?”

“ஒரு நாள்தானே.”

“அந்த மேடம் பாக்கப்போறது அந்த ஒரு நாளைத்தான் தம்பி. மேஜையில துணியை முழுசா விரிச்சு, சாக்கட்டியால கோடு போட்டு, நான் வெட்டறதை அவங்க மேலேருந்து பாக்கணும். ஸ்டூல்ல உக்காந்து கைக்குட்டையா வெட்டிக் காட்ட முடியும்?”

“அப்ப என்னதான் பண்றது? நீங்க வாங்கிட்டு வந்ததும் வேலை செய்யல.”

“நான் வாங்கிட்டு வந்தது சரி” என்றாள் டெய்லரக்கா. குரல் உயரவில்லை. “கடையிலேயே போட்டுப் பாத்துத்தான் வாங்கினேன். தப்பு வேற எங்கயோ இருக்கு. இது மறக்கணும், அவ்வளவுதானே? ராத்திரி முழுக்க அணைஞ்சு கிடக்கட்டும். எப்படி மறக்காம போகுதுன்னு பாக்கறேன்.”

சுவிட்சை அணைத்தாள். யாரும் தொடக்கூடாது என்று அதன்மேல் ஒரு துண்டுத் துணியை ஊசியால் குத்தி வைத்தாள். சொன்னாளே தவிர, அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தனியாக நின்றாள். ஆலையில் நூறு அடுக்குத் துணியை ஒரே கோட்டில் வெட்டியவள், ஒரு விளக்குப் பச்சையாக மாறக் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, நாளைக்கு வேண்டிய துணிக்கு இஸ்திரி போடப் போனாள்.

விடிந்து புருஷன் வந்தார். முடியில் மாவு, கையில் சூடு ஆறாத ரொட்டிப் பொட்டலம். விஷயத்தைக் கேட்டதும், “அவ்வளவுதானே, நீ இங்கயே நடத்து. நான் பேக்கரியில மாவு மூட்டை மேல படுத்துக்கறேன்” என்று திரும்பி நடக்கப் பார்த்தார்.

“மாவு மூட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். முதல்ல உக்காருங்க. இன்னும் நேரம் இருக்கு.”

அவர் கட்டிலில் உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி, வழக்கம்போலத் தலைமாட்டு அலமாரியில் போட்டார். சட்டை போன இடத்தில் கை ஒரு கணம் நின்றது. ஜீன்ஸ் உறைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“இதை எப்ப அணைச்ச?”

“நேத்து சாயங்காலம். நீங்க போன கொஞ்ச நேரத்துல.”

“இல்லையே.”

“என்ன இல்ல?”

“ராத்திரி அணைச்ச அடுப்பு காலையில இப்படியா இருக்கும்? இது இப்ப எரிஞ்சுக்கிட்டிருக்கற அடுப்பு.”

டெய்லரக்கா கையை வைத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. சுவிட்சைப் பார்த்தாள், ஊசி குத்திய துணி அப்படியே இருந்தது. உறையை ஒரே இழுப்பில் உருவினாள். உள்ளே பச்சை விளக்குகள் எல்லாம் சந்தோஷமாகக் கண்ணடித்துக்கொண்டிருந்தன.

பிரிந்த நூலின் முனையைத் தேடுவதுபோல மோடத்தின் கரண்ட் வயரை விரலால் தடவிக்கொண்டே போனாள். சுவிட்சுக்குப் போக வேண்டிய வயர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அலமாரியின் ஓரமாக இறங்கி, பீரோவுக்குப் பின்னால் புகுந்தது. குனிந்து பார்த்தாள். அங்கே தூசி படிந்து, கனமாக, பத்திரமாக ஒரு பேட்டரி. சுவரிலிருந்த சுவிட்ச் அந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சுவிட்ச் மட்டும்தான்.

“தம்பி, இங்க வாங்க.”

கரண்ட் வாயில் பல்துலக்கும் பிரஷோடு வந்தான். விளக்குகளைப் பார்த்தான். சுவிட்சைப் பார்த்தான். பீரோவைப் பார்த்தான். பிரஷை வாயிலிருந்து எடுத்தான்.

“நான்தான்” என்றான்.

“தெரியுது. வேற யாரு பண்ணுவா? ஏன் சொல்லல?”

“மறந்தே போச்சு அண்ணி. அன்னைக்கு ஒரு நாள் நீங்க அந்தப் பெரிய ஆர்டருக்கு டிசைன் அனுப்பிக்கிட்டிருந்தப்ப கரண்ட் போய், எல்லாம் பாதியில நின்னு, அந்த ஆர்டர் வேற ஆளுக்குப் போயிடுச்சில்ல. நீங்க மேஜைமேல தலையை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அப்பத்தான் மாட்டினேன். இனிமே எது நின்னாலும் இந்தப் பெட்டி நிக்கக் கூடாதுன்னு. ரொம்ப நாள் ஆச்சு. நேத்து நீங்க சுவிட்சை அணைக்கும்போது எனக்கு ஞாபகமே வரல.”

அவளுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை வீட்டில் யாரும் பார்க்கவில்லை என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தாள். பார்த்தவன் ஒரு வார்த்தை கேட்காமல் பேட்டரியை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். பெட்டி நிற்காமல் ஓடியதால்தான் மறக்காமல் இருந்திருக்கிறது. நிற்காமல் ஓடுகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கோ அவள் தைத்த சட்டைதான் காரணம். யாரை என்னவென்று திட்டுவது?

“என் மேலயும் தப்பு இருக்கு” என்றாள். “கண்ணுக்குத் தெரியாம மூடி வச்சது நான். சரி, பிடுங்குங்க.”

“பிடுங்கக் கூடாதுன்னு நானே...”

“இன்னைக்கு ஒரு நாள் சட்டத்தை மீறுங்க.”

பிடுங்கினான். பச்சை விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் அணைந்தன. அந்த வீட்டில் ஒரு பொருள் முழுசாக அணைந்ததை அவர்கள் பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. நாலு பேரும் சுற்றி நின்று பெட்டியையே பார்த்தார்கள்.

“யாரு செத்துட்டாங்கன்னு இப்படி நிக்கிறீங்க?” என்றார் மாமனார், வாக்கரில் சாய்ந்தபடி. “மறக்கறதுக்கு அதுக்குக் கொஞ்சம் தனிமை கொடுங்க.”

அந்த நேரத்துக்குள் டெய்லரக்கா யோசித்து முடித்துவிட்டாள். “தம்பி, திரும்ப மாட்டும்போது பேட்டரியிலயே மாட்டுங்க. ரௌட்டரையும் சேத்து அதே பேட்டரியில மாட்டுங்க.”

கரண்ட் அவளை நிமிர்ந்து பார்த்தான். “மறுபடியும் பேட்டரியா? இவ்வளவு நடந்த பிறகுமா?”

“பேட்டரி என்ன தப்பு பண்ணுச்சு? சொல்லாம மாட்டினதுதான் தப்பு. இந்தத் தடவை சொல்லிட்டு மாட்டுங்க.”

அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. டவுசர் பாக்கெட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் தானாகக் கைக்கு வந்தது. “சொல்றேன். மோடம், ரௌட்டர் ரெண்டும் பீரோ பின்னாடி பேட்டரியில. அப்பா, நீங்களும் கேட்டுக்குங்க” என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மாட்டினான், ஊசித் துணியை எடுத்துவிட்டுச் சார்ஜ் சுவிட்சையும் போட்டான். முதலில் மோடம் விழித்தது. அடுத்து ரௌட்டர். சிவப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு பச்சை ஆயிற்று.

யாரும் கத்தவில்லை, அந்த அறையில் கத்திப் பழக்கமில்லை. புருஷன் மட்டும், “போ, நேரமாகுது” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

வகுப்பு ஆரம்பித்தபோது டெய்லரக்காவுக்கு உள்ளங்கை ஈரமாக இருந்தது. மேஜைக்கு மேலே உத்தரத்தில் கட்டிய போன் வழியாக அவளுடைய கைகள் எங்கெங்கோ இருந்த பெண்களுக்குத் தெரிந்தன. பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த கரண்டின் போன் திரையில் அவர்களுடைய முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக இருந்தன. ஒன்றில் கண்ணாடி போட்ட மேடம். துணியில் கையை வைத்ததும் ஈரம் போயிற்று.

“துணியைத் தொட்டதும் கத்திரியை எடுக்காதீங்க. முதல்ல தடவிப் பாருங்க. நூல் எந்தப் பக்கம் ஓடுதுன்னு அதுவே சொல்லும். அவசரப்பட்டுக் குறுக்க வெட்டினா, ரெண்டு தடவை துவைச்சதும் சட்டை ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு நிக்கும். அப்புறம் போட்டுக்கறவரு நடக்கறப்ப தலையையும் அதே பக்கம் சாய்ச்சுக்கணும்.”

கட்டங்களில் சிரிப்பு. முதுகு வெட்டினாள், முன்பாகம் வெட்டினாள். தோளுக்குச் சாக்கட்டி பிடித்து வளைவு போடும்போது ஒரு பெண் கேட்டாள், “மேடம், அந்த வளைவுக்கு ஸ்கேல் இல்லையா?” “இருக்கு. ஆனா முதல்ல கையால போடுங்க. கைக்குத் தெரியாததை ஸ்கேல் சொல்லித் தராது.” கண்ணாடி மேடம் எதையோ குறித்துக்கொண்டார்.

அவள் காலருக்கு வந்தபோது நடையில் நின்றிருந்த கரண்டின் காது நிமிர்ந்தது. எதிர்வீட்டு மாவு மில்லின் இரைச்சல் இழுத்தாற்போல ஓய்ந்தது. பக்கத்து வீட்டு டிவி பாதிப் பேச்சில் நின்றது. மாமனார் வாக்கரோடு வந்து நின்று பையனைப் பார்த்தார். அவன் உதட்டில் விரல் வைத்தான். இருவரும் சத்தமில்லாமல் முன்னறைக்குள் எட்டிப்பார்த்தார்கள்.

“தெருக் கம்பத்துல இருக்கற கேபிள் பெட்டிக்குக் கரண்ட்?” என்றார் மாமனார் காதோடு.

“அதுக்கு அவங்க பேட்டரி வச்சிருப்பாங்க” என்றான் கரண்ட். “வச்சிருக்கணும்” என்றும் சேர்த்துக்கொண்டான். ரௌட்டரின் கடைசி விளக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பச்சையாகவே இருந்தது. உள்ளேயிருந்து கத்திரி துணியில் நடக்கிற சத்தமும் அவள் குரலும் இடைவெளி இல்லாமல் வந்துகொண்டிருந்தன. அண்ணன் குறட்டை விட்டார். தந்தையும் மகனும் காவல்காரர்கள்மாதிரி வகுப்பு முடியும்வரை அந்த விளக்குக்கு முன்னால் நின்றார்கள்.

டெய்லரக்கா வெளியே வந்தாள். கழுத்தில் நாடா, விரலில் சாக்கட்டித் தூள்.

“அடுத்த சனிக்கிழமை பாக்கெட்டும் பொத்தான் பட்டியும்” என்றாள். “அதுக்கப்புறமும் வரிசையா எழுதி அனுப்பச் சொல்லிட்டாங்க. வருஷம் பூராவுக்கும்.”

சொல்லிவிட்டு நின்றவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். “ஏன் தெரு இவ்வளவு அமைதியா இருக்கு?”

தெருவில் கரண்ட் போனால் வாசலில் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்ப்பது கரண்டின் பல வருஷப் பழக்கம். இன்றைக்கு அவன் போகவில்லை.

“ஒண்ணுமில்ல அண்ணி” என்றான். “கரண்ட் போயிருக்கு.”

“எப்ப?”

“நீங்க காலர் வரையும்போது.”

அவள் தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள். முன்னறைப் பச்சை விளக்கைப் பார்த்தாள். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தோளில் சாக்கட்டித் தூள் ஒட்டும்படி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஜீன்ஸ் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். படுக்கைக்கு எதிர்ப்பக்கமாகப் பார்த்து, ஒரு விளக்கு மட்டும் தெரிகிற அளவுக்குக் கத்திரியால் கீறினாள். ஓரம் பிரியாமல் பொத்தான் துளைத் தையல் போட ஆரம்பித்தாள்.

“புதுப் பெட்டிக்கும் ஒரு சட்டை தைச்சிடேன்மா” என்றார் மாமனார்.

“அதுக்குச் சட்டை கிடையாது மாமா” என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. “அது வேலை பாக்கறதை நான் தினமும் பாக்கணும்.”